செக் திரைப்படங்களின் மூலச் சட்டகமும் இல்லப் படிகளும்

முன்னுரை

ஓர் இலக்கியத்தை ஆராயப் புகுவோர், எப்பதிப்பைக் கொண்டு ஆராய்கின்றனர் என்பதை முதற்கண் சுட்டுதல் மரபு. திரைப்பட ஆய்வில் இம்மரபு போதிய அளவு பேணப்படுவதில்லை. 1960-களின் செக் திரைப்படங்களைப் பிறநாட்டு ஆய்வாளர் பலர் வீடியோ நாடா, டிவிடி, ப்ளூ-ரே ஆகிய இல்லப் படிகளின் வழியே அறிந்துள்ளனர். அப்படிகள் மூலத்தினின்று வேறுபடும் பாங்கினையும், அவ்வேறுபாடு ஆய்வு முடிவைத் திரிக்கும் வகையினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டக அளவு

அக்காலத்தில் வழங்கிய சட்டக அளவுகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. ஒன்று, அகலமும் உயரமும் 1.37:1 என அமைந்த மரபுவழிச் சட்டகம். மிலோஷ் ஃபோர்மனின் 'தீயணைப்பு வீரர்களின் நடன விழா' (1967) இவ்வகையது. மற்றொன்று 2.35:1 என்னும் அகலத்திரை. ஃப்ரான்டிஷெக் விலாச்சிலின் 'மார்கெட்டா லாசரோவா' (1967), யிந்த்ரிஷிக் போலாக்கின் 'இகாரியே எக்ஸ்.பி.1' (1963) ஆகியன இவ்வகையின. அகலத்திரை முறையில் ஒளிப்பதிவு வில்லை காட்சியைப் பக்கவாட்டில் ஒடுக்கிப் பதியும். திரையிடும் வில்லை அதனை மீண்டும் விரிக்கும்.

இல்லப் படிகளில் நேரும் இழப்பு

பழைய தொலைக்காட்சித் திரை 4:3 அளவினது. அகலத்திரைப் படத்தின் இருபுறமும் வெட்டி இத்திரையை நிரப்பின், காட்சியில் ஏறத்தாழ 43 விழுக்காடு மறையும். வெட்டாது மேலும் கீழும் கருப்புப் பட்டை இட்டால், டிவிடியின் 576 கிடைவரிகளுள் 327 அளவே காட்சிக்குக் கிட்டும். 16:9 திரைக்கென அமைத்த டிவிடியில் இது 436 ஆகவும், 1080 வரிகள் கொண்ட ப்ளூ-ரேயில் 817 ஆகவும் உயரும்.

இவை வெறும் தொழில்நுட்பக் கணக்குகள் அல்ல. 'மார்கெட்டா லாசரோவா' பனிவெளியின் விரிவில் மனிதர் சிறுத்துத் தோன்றும் காட்சிகளால் இடைக்கால வாழ்வைப் புலப்படுத்துவது. பக்கங்களை வெட்டிய படியைக் காண்பவர், நிலத்தின் ஆட்சியைக் காணாது முகங்களின் கதையாகவே அதனை மதிப்பிட நேரும்.

காலமும் மாறுபடுகிறது. திரையரங்கில் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடும் படம், ஐரோப்பிய டிவிடியில் 25 சட்டங்களாக ஓடுவது வழக்கம். இதனால் 160 நிமிடப் படம் ஏறத்தாழ 154 நிமிடங்களில் முடிந்துவிடும்; தனியே சீர்செய்யாவிடில் இசையின் சுருதியும் சற்றே உயரும். இக்குறைவைக் கண்டு தணிக்கை நிகழ்ந்ததென முடிவுகட்டுதல் பிழையாகும்.

மெய்யாகவே திருத்தப்பட்ட படியும் உண்டு. 'இகாரியே எக்ஸ்.பி.1' 1964-இல் அமெரிக்காவில் ஆங்கில மொழிமாற்றத்துடன் வெளியானபோது சுருக்கப்பட்டது. விண்கலம் புதியதொரு கோளை அடைவதாக இருந்த முடிவு, பூமியை அடைவதாக மாற்றப்பட்டது. இப்படியை மட்டும் கண்டவர் படத்தின் கருத்தையே மாறாகக் கொள்வர்.

மீட்டுருவாக்கமும் மூலமும்

அண்மைக்கால மீட்டுருவாக்கங்கள் இக்குறைகளைப் பெரிதும் நீக்கியுள்ளன. 'மார்கெட்டா லாசரோவா' 2011-இலும், ஃபோர்மனின் படம் 2012-இலும் எண்மிய முறையில் மீட்கப்பட்டன. 'இகாரியே எக்ஸ்.பி.1' மீட்கப்பட்ட வடிவில் 2016-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது.

ஆயினும் எது மூலம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. எதிர்ச்சுருளில் நுண்விவரங்கள் மிகுதி. எனினும் அக்காலப் பார்வையாளர் கண்டது அதனை அன்று. ஆய்வகத்தில் ஒளியும் நிறமும் சமன்செய்து அச்சிட்ட படியையே. அப்படியே அளவுகோல் என்பது ஆவணக் காப்பாளர் தரப்பு. ஒளிப்பதிவாளரின் நோக்கத்தை அறிந்த வல்லுநர் குழுவே முடிவுசெய்தல் வேண்டும் என்பது செக் ஒளிப்பதிவாளர் தரப்பு. வேரா கிதிலோவாவின் 'டெய்சி மலர்கள்' (1966) இச்சிக்கலை நன்கு விளக்கும். அதில் வண்ணமும் கருப்பு வெள்ளையும் நிறவடிகட்டிச் சாயல்களும் வேண்டுமென்றே மாறிமாறி வருகின்றன. அங்கு நிறத்தைச் 'சீராக்குதல்', ஏடெழுதுவோர் அரிய பாடத்தை எளிய பாடமாக மாற்றுதலை ஒக்கும்.

முடிவுரை

இல்லப் படி என்பது மூலமன்று, ஒரு பதிப்பே. எனவே திரைப்படத்தை ஆராய்வோர் தாம் கண்ட படியின் வெளியீட்டாண்டு, சட்டக அளவு, ஓடும் நேரம், மீட்புக்கு அடிப்படையான சுருள் ஆகியவற்றைச் சுட்டுதல் இன்றியமையாதது. தெளிவான படி யாவும் உண்மையான படி ஆகா என்பதைச் செக் திரைப்படங்களின் வரலாறு உணர்த்துகிறது.