கல்விப் பரிபாலனமும் கலாநிதிப் பட்டமும்

பாடசாலையை நடத்துதல் அனுபவத்தால் வரும் பழக்கம் என்பர் சிலர். பிறவியிலே வாய்க்கும் திறமை என்பர் வேறு சிலர். அதனைச் சர்வகலாசாலையிலே முறையாகக் கற்று, ஆராய்ந்து, கலாநிதிப் பட்டம் பெறுதற்குரிய ஒரு துறையாகப் பெருமளவில் வளர்த்தவர் அமெரிக்க ஐக்கிய நாட்டினர். இன்று பல நாடுகளிலும் அதிபர்களும் கல்வி அதிகாரிகளும் இப்பட்டத்தை நாடுகின்றனர். ஆதலின் அது பிறந்த வரலாற்றையும், வளர்ந்த வழியையும், வழியிலே நேர்ந்த தவறுகளையும் நாம் அறிந்து கொள்ளுதல் நன்று.

கலாநிதிப் பட்டத்தை ஆராய்ச்சிக்குரிய பட்டமாக அமெரிக்கர் கற்றது ஜேர்மனியரிடத்திலே. யேல் சர்வகலாசாலை 1861 ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதற் கலாநிதிப் பட்டங்களை வழங்கியது. 1876 இல் தோன்றிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியையே தன் தலையாய பணியாகக் கொண்டது. அக்காலத்திலே அமெரிக்க நகரங்கள் விரைந்து பெருகின. கைத்தொழிலும் குடிவரவும் பெருகப் பெருகப் பாடசாலைகளில் மாணவர் தொகையும் பெருகிற்று. நூற்றுக் கணக்கான பாடசாலைகளை மேற்பார்க்கும் நகரப் பாடசாலை அத்தியட்சர் என்னும் பதவி பெரும் பொறுப்புடையதாயிற்று. அப்பதவிக்கு உரியவர் எத்தகைய கல்வி பெற்றிருத்தல் வேண்டும் என்ற வினாவும் உடன் எழுந்தது.

அவ்வினாவுக்கு முதலில் ஒரு பெண்மணி விடை தந்தார். அவர் எல்லா பிளாக் யங் அம்மையார். 1845 இற் பிறந்து, 1862 முதல் சிக்காகோ நகரில் ஆசிரியையாகப் பணியாற்றியவர். தமது ஐம்பத்தைந்தாம் வயதில், 1900 ஆம் ஆண்டில், சிக்காகோ சர்வகலாசாலையில் பேரறிஞர் ஜோன் டூயி அவர்களிடம் பயின்று கலாநிதியானார். பாடசாலையிலே நிலவும் தனிமைப்பாடே அவர் ஆராய்ந்த பொருள். மேலே இருப்பவர் கட்டளையிட, ஆசிரியர் அதனை நிறைவேற்றும் கருவியாகி விடுவரேல் கல்வி உயிரற்றுப் போகும் என்பது அவர் கண்ட முடிபு. 1909 இல் சிக்காகோ நகரப் பாடசாலைகளின் அத்தியட்சரானார். அத்துணைப் பெரிய நகரொன்றின் பாடசாலைகளுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி அவரே. ஆசிரியர் தம் கருத்தை வெளியிடுதற்கு ஆசிரிய சபைகளையும் ஊக்குவித்தார்.

ஆனால் இத்துறை அவர் காட்டிய வழியே செல்லவில்லை. 1905 இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியிலே எல்வூட் கபர்லி, ஜோர்ஜ் ஸ்ட்ரேயர், எட்வேட் எலியட் என்னும் மூவர் கலாநிதிப் பட்டம் பெற்றனர். மூவர் ஆராய்ந்ததும் பணமே. பாடசாலை நிதியைப் பங்கிடும் முறையை ஒருவரும், நகரப் பாடசாலைகளின் செலவை ஒருவரும், கல்வியின் வரவு செலவு அம்சங்களை மற்றவரும் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி வேண்டியதே, வரிப்பணம் நேர்மையாகப் பங்கிடப்படாவிடின் ஏழைப் பிள்ளை எங்ஙனம் கற்பான்? பின்னர் கபர்லி ஸ்டான்போட்டிலும், ஸ்ட்ரேயர் கொலம்பியாவிலும் இருந்து பல அத்தியட்சர்களைப் பயிற்றினர்.

1911 இல் பிரடெரிக் டெயிலர் தொழிற்சாலை முகாமை பற்றிய தமது நூலை வெளியிட்டார். அக்காற்று பாடசாலைக்குள்ளும் வீசிற்று. 1913 இல் நியூட்டன் நகர அத்தியட்சர் பிராங் ஸ்போல்டிங், ஒவ்வொரு பாடத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, கிரேக்க மொழியில் ஒரு மாணவன் பெறும் 5.9 பாடவேளைகள் பிரெஞ்சு மொழியில் 23.8 பாடவேளைகளுக்குச் சமம் என மொழிந்தார். ஜேர்மனியிலே கலாநிதிப் பட்டம் பெற்றவரே அவரும்! ஒரு மொழியின் பெறுமதி அதனைக் கற்பிக்கும் செலவால் அளக்கப்பட்ட விந்தையை என்னென்பது? 1916 இல் வெளிவந்த கபர்லியின் பாடநூலும் பாடசாலையைத் தொழிற்சாலைக்கும் பிள்ளைகளை மூலப்பொருளுக்கும் ஒப்பிட்டது.

1920 இல் ஹாவாட் சர்வகலாசாலை கல்விக் கலாநிதி என்னும் தனிப் பட்டத்தை நிறுவியது. வைத்தியர்க்கும் நியாயவாதிக்கும் இருப்பது போலக் கல்வித் தொழிலாளர்க்கும் உயர் பட்டம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். கொலம்பியா ஆசிரியர் கல்லூரியும் 1934 இல் அதனைப் பின்பற்றியது. எனினும் தத்துவக் கலாநிதிப் பட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பல இடங்களில் தெளிவாகவில்லை.

1962 இல் றேமண்ட் கலகன் என்னும் வரலாற்றாசிரியர் இக்காலப் பகுதியை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். வர்த்தகருடைய கண்டனத்துக்கு அஞ்சிய அத்தியட்சர்கள் கல்விச் சிந்தனையை விடுத்துச் சிக்கனக் கணக்கிலே மூழ்கினர் என அவர் எடுத்துக் காட்டினார். பாடசாலையின் குழாய் அமைப்பும் துப்புரவு வேலையும் கூடக் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்குப் பொருளாகி விட்டன. குழாய் ஒழுகாதிருத்தல் வேண்டும், ஐயமில்லை. ஆயினும் அதனை அறிந்தவர், அக்குழாயில் நீர் அருந்தும் பிள்ளை என்ன கற்கின்றான் என்பதையும் அறிதல் வேண்டுமன்றோ?

விவாதம் இன்னும் ஓயவில்லை. 2005 இல் ஆதர் லெவின் வெளியிட்ட அறிக்கை, பரிபாலகர்க்கு வழங்கும் கல்விக் கலாநிதிப் பட்டத்தையே ஒழித்தல் வேண்டும் என்றது. மாறாக, 2007 இல் கார்ணகி திட்டத்திற் கூடிய சர்வகலாசாலைகள் அதனை ஒழியாது திருத்த முற்பட்டன. தாம் பணிபுரியும் இடத்திலுள்ள உண்மையான குறையொன்றை ஆராய்ந்து தீர்ப்பதே மாணவரின் கடன் என அவை வற்புறுத்தின. 2010 இல் ஹாவாட்டும் கல்வித் தலைமைக்கென வேறொரு கலாநிதிப் பட்டத்தை ஆரம்பித்தது.

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் படிப்பினை யாது? கணக்கும் வேண்டும், கருத்தும் வேண்டும். கணக்கை இகழ்ந்த பாடசாலை நிலைக்காது. கணக்கே கடவுளென நம்பிய பாடசாலை நிலைத்தும் பயனில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் கற்பித்த பின்னரும் மீண்டும் மாணவியாய் அமர்ந்த யங் அம்மையார், தம் ஆராய்ச்சியின் பொருளைத் தம் வகுப்பறையிலிருந்தே எடுத்துச் சென்றார். இப்பட்டத்தை விழையும் இளைஞர்களே, உங்கள் வினாவையும் அவ்வாறே எடுத்துச் செல்லுங்கள். விடையுடன் அவ்வகுப்பறைக்கே மீளுங்கள். பெயருக்கு முன்னே நிற்கும் பட்டம் பிள்ளைகளுக்குப் பின்னே நின்று தாங்குமாயின், அதுவே அதன் சிறப்பாகும்.