நோயாளியின் மொழியில் மருத்துவம்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அவை. அதற்கு உரைகண்ட பரிமேலழகர் இந்நான்கிற்கும் தனித்தனி நான்கு இயல்புகள் வேண்டுமென்றார். நோயுற்றவனுக்கு வேண்டியனவாக அவர் கூறியவற்றுள் ஒன்று கருதற்பாலது. தன் நோயின் நிலையைப் பிறர்க்கு எடுத்துணர்த்தும் வல்லமை அவனுக்கு வேண்டும் என்பதே அது. மருந்து பேசாது, ஏனை மூவரும் பேசியே ஆகவேண்டும். அப்பேச்சு எம்மொழியில் நிகழவேண்டும்? எவ்வளவு நிகழவேண்டும்? இவ்வினாவிற்கு விடைகாணும் முயற்சியொன்று நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நம் குடாநாட்டில் நிகழ்ந்தது. இன்று புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டு வாழ்வோர் பொருட்டு அவ்வினா மீண்டும் நம்முன் நிற்கின்றது.

அம்முயற்சியைச் செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர். நம் நாவலர் பெருமான் தோன்றிய 1822ஆம் ஆண்டிலேயே அவரும் மாசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலேயே மானிப்பாயில் மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்கத்தின் மருத்துவப் பள்ளி 1870இற்றான் நிறுவப்பட்டது என்பதை நோக்குமிடத்து, மானிப்பாய் எத்துணை முந்திவிட்டது என்பது விளங்கும். அவர் சமயப் பணிக்கென வந்தவர். அப்பணியை ஏற்றவரும் ஏலாதவரும் அவரிடம் மருந்து பெற்றனர்.

தொடக்கத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்திலேயாம். அதன் பயனை அவர் விரைவிற் கண்டுகொண்டார். ஆங்கிலத்திற் பயின்ற இளைஞர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிறவூர்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே கிடந்தான். எனவே, அமெரிக்கா சென்று 1862இல் மீண்டு வந்தபின், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவர்களுள் 33 பேர் தமிழிற் கற்றவர். தம் மாணவர் உடையாலும் உணவாலும் ஒழுக்கத்தாலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நோயாளியின் திண்ணையில் அந்நியராய்த் தோன்றாதவரே அவன் குறையைக் கேட்டறிதல் கூடும் என்று அவர் கருதினார் போலும்.

கற்பிக்கத் துணிந்தால் நூல் வேண்டுமன்றோ? 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' 1852இல் வெளிவந்தது. 'பிரசவ வைத்தியம்' 1857இலும், 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என்பன 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் தோன்றின. 1873இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்திலர். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார். 'தமிழருக்கு மருத்துவ ஊழியர்' எனும் கருத்துப்பட அவர் கல்லறையிற் பொறித்துள்ளனர்.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை இன்றும் கற்கத்தக்கது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுக. அது கிடையாவிடின் வடமொழியை நாடுக. அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் தருக என்பது அம்முறை. இதனாற் பிறந்த சொற்களிற் பல இன்று நமக்குக் கடுமையாய் ஒலிக்கின்றன. 'சுகரணம்' என்றால் உடற்றொழிலியல் என்று இக்காலத்து மாணவன் எவ்வாறு அறிவான்? வீட்டில் நோயுற்றுக் கிடந்த மூதாட்டியும் அச்சொல்லை அறிந்திருக்கமாட்டாள். ஆயினும், கிறீனின் வெற்றியை அச்சொற்களைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. வைத்தியன் எம்மொழியிற் சிந்திக்கின்றானோ அம்மொழியில் நோயாளியோடு உரையாடவும் வல்லனாதல் வேண்டும்; இடையே மொழிபெயர்ப்பாளன் ஒருவன் நில்லாதிருத்தல் வேண்டும். இதுவே அவர் நாட்ட விரும்பியது.

அவர் சென்றபின் சில ஆண்டுகளிலேயே தமிழ்வழி மருத்துவக் கல்வி மறைந்தது. ஆங்கிலம் உலகத்து அறிவை நமக்குக் கொணர்ந்தது என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், வைத்தியர் ஒரு மொழியிற் சிந்தித்து மற்றொரு மொழியிற் பேசும் நிலையும் அதனோடு வந்தது. நோய் சில நாளில் தீருமாயின் இதனால் விளையும் கேடு பெரிதன்று. புற்றுநோயோ அத்தகையதன்று. அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் முடிந்தபின்னும், நோய் மீளுமோ என்னும் அச்சமும், உடலின் மாற்றமும், ஆண்டுக்கணக்கிற் செய்யவேண்டிய பரிசோதனையும் தொடர்கின்றன. சிகிச்சை முடிகின்ற நாளிலேயே நோயாளியின் வினாக்கள் தொடங்குகின்றன எனலாம்.

இதனை முதலில் ஆராய்ந்தோருள் ஒருவர் ஜீன் குவின்ற் பெனோலியெல் என்னும் அமெரிக்கத் தாதி. மார்பகத்தை அறுவையால் இழந்த பெண்களோடு உரையாடி, 1963இல் தாதியர்க்குரிய சஞ்சிகையொன்றிற் கட்டுரை வரைந்தார். அப்பெண்கள் தம் அச்சத்தைப் பேச விரும்பினர். சூழ இருந்தோரோ அப்பேச்சைத் தவிர்த்தனர். வைத்தியரும் தாதியரும் அதற்கு விலக்கல்லர். பின்னர், தாமே புற்றுநோயுற்று மீண்ட பிற்ஸ்ஹியூ முல்லன் என்னும் வைத்தியர், மீண்டு வாழ்தல் என்பது பல பருவங்களையுடைய தனிநிலை என்று 1985இல் எழுதினார். சிகிச்சை முடித்த ஒவ்வொருவருக்கும் அதன் சுருக்கமும் மேல்வரும் பராமரிப்பின் திட்டமும் எழுத்திற் கொடுக்கப்படல் வேண்டுமென அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2005இல் பரிந்துரைத்தது.

நம் குடாநாட்டின் நிலை யாது? முன்னர்ப் புற்றுநோயாளர் பலர் மகரகமவுக்கு நெடுந்தூரம் சென்று, தமக்குப் பழக்கமில்லாத மொழியினூடே சிகிச்சை பெற்றனர். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனை, 2013இல் தெல்லிப்பழையில் திறக்கப்பட்டது. சிங்களவரும் தமிழரும் கூடி ஆற்றிய அறம் அது. தூரம் குறைந்தது, தாதியரும் நம் மொழியினர். ஆயினும், வீடு திரும்புவோன் கையில் இருக்கும் நோய்நிர்ணய அட்டை ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. ஆசிரியன் ஆங்கிலம் அறிவான் என்றெண்ணி, அயலார் அவ்வட்டைகளை என்னிடம் கொணர்வதுண்டு. ஒருமுறை ஒரு தாய் தன் அட்டையை நீட்டி, "வாத்தியார், இதிலை இனிப் பயமில்லை எண்டு எங்கையாவது எழுதியிருக்கோ?" என்று வினவினார். இலக்கணமும் வரலாறும் கற்ற ஒருவன் அதற்கு என்ன விடை கூறுவான்? அவ்வினா வைத்தியரிடத்தோ தாதியிடத்தோ கேட்கப்படவேண்டியது. அங்கே கேட்க அவர்க்கு நா எழவில்லை.

நோயின் பெயரையே நோயாளிக்கு மறைத்தல் நம் குடும்பங்களிற் பெருவழக்கு. அறிந்தால் மனமுடைந்துபோவார் என்பர். அன்பினாற் செய்வதே எனினும் அதன் விளைவு யாது? பெயர் அறியாதவன் மறுபரிசோதனைக்கு ஏன் செல்லவேண்டுமென்பதை அறியான்; புதியதோர் கட்டி தோன்றின் அதன் பொருளையும் அறியான். பரிமேலழகர் கூறிய வல்லமையை அவனிடமிருந்து நாமே பறித்துவிடுகின்றோம். உண்மையை ஒரே நாளில் முழுவதும் கொட்டிவிடுக என்று எவரும் கூறார். அவன் கேட்குமளவிற்கு, அவன் தாங்குமளவிற்கு, அவன் மொழியிற் கூறுக என்பதே வேண்டப்படுவது. அதற்கு உரியவர், நோயாளியின் அருகே நெடுநேரம் நிற்கும் தாதியரே.

ஆகவே, இன்று வேண்டுவன இரண்டு. சிகிச்சை முடித்துச் செல்லும் ஒவ்வொருவர் கையிலும், செய்த சிகிச்சை, வரவேண்டிய நாள், அஞ்சவேண்டிய குறி என்பவற்றைத் தெளிதமிழிற் கூறும் ஓர் ஏடு இருத்தல் வேண்டும். நம் நோயாளர் எதனைக் கேட்க விரும்புகின்றனர், எதனைக் கேட்க அஞ்சுகின்றனர் என்பதை நம் மண்ணிலேயே ஆராயும் தாதியர் தோன்றுதல் வேண்டும். வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு ஏவல் செய்யும் கையாக மட்டும் அமையாது, கேட்கும் செவியாகவும் ஆராயும் அறிவாகவும் வளர்தல் காலத்தின் தேவை.

இவ்விதழைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை வைத்தியராவர், சிலர் தாதியராவர். அவர்கள் தம் கலையை எம்மொழியிலும் கற்க; உலகெங்கும் சென்று கற்க. ஆனால், கற்றதைத் தம் ஊர்த் தாயொருத்திக்கு விளங்கச் சொல்லவும், அவள் சொல்லாது விழுங்கும் வினாவைக் கேட்டறியவும் வல்லராகுக. அயல்நாட்டார் ஒருவர் நம் மொழியைக் கற்று நமக்குச் செய்த பணியை, அம்மொழியிற் பிறந்த நாம் செய்யாதொழிதல் தகுமோ?