மேலைக்கடல் பெருவழியும் திருப்பூர்ச் சூழலின் காட்சியிடங்களும்

திருப்பூர்ப் பகுதியில் காணத்தக்க இடங்கள் எவை என வினவுவார்க்கு, அவிநாசி, திருமுருகன்பூண்டி, சர்க்கார் பெரியபாளையத்துச் சுக்கிரீசுவரர் கோயில், கொடுமணல் என ஒரு பட்டியல் விடையாகக் கிடைக்கும். இவை ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்து நிற்பனவாகவே பலரும் எண்ணுகின்றனர். மேலைக் கடற்கரையிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குநாட்டினுள் புகுந்த பழைய பெருவழியோடு இணைத்துக் கண்டாலன்றி இவற்றின் வரலாறு நன்கு விளங்காது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கொடுமணலை நோக்குவோம். நொய்யலாற்றின் வடகரையில், சென்னிமலைக்கு அருகே உள்ள இச்சிற்றூரைப் பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் என்பர் ஆராய்ச்சியாளர். அந்நூலின் 67, 74-ஆம் பாடல்களில் முறையே கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணத்தைப் பந்தர் என்னும் ஊரோடு சேர்த்தே பாடுகின்றனர். கொடுமணம் அருங்கலங்களுக்கும் பந்தர் முத்திற்கும் பெயர் பெற்றவை. பந்தரைக் கடற்கரைப் பட்டினமாகவே அறிஞர் கொள்வர். ஆகவே, உள்நாட்டுத் தொழிலூரையும் கடற்கரை ஊரையும் ஓரிணையாகக் காணும் வழக்கம் சங்கப் புலவர்க்கே இருந்தது என்பது தெளிவு.

இதனை அகழாய்வு உறுதிப்படுத்திற்று. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளிலும், பின்னர் நிகழ்ந்தவற்றிலும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் முதலியவற்றாலாகிய மணிகளும் கிடைத்தன. பச்சைக்கல் அண்மையிலுள்ள படியூர்ப் பகுதியில் கிடைப்பது. நொய்யற்கரையிலுள்ள கத்தாங்கண்ணியிலும், கோவையை அடுத்த வெள்ளலூரிலும் உரோமானியரின் வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. முசிறித் துறையில் இறங்கிய பொருள் கருவூர் நோக்கிச் சென்ற வழி இதுவே என்பதற்கு இவை சான்றாம்.

வழியின் பெயரும் கல்லில் எழுதப்பட்டுள்ளது. கோவைக்கு மேற்கே, கணவாய்க்குச் செல்லும் திசையில், சுண்டக்காமுத்தூர் அருகிலுள்ள பாறைக் கல்வெட்டு இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கின்றது. அதனை முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாக, அஃதாவது 9-ஆம் நூற்றாண்டின் இறுதியினதாகக் கருதுவர்.

இனித் திருக்கோயில்களைக் காண்போம். கொடுங்கோளூரில் சேரமான் பெருமாளிடம் பெற்ற பொருளுடன் ஆரூருக்கு மீளும் சுந்தரர் திருமுருகன்பூண்டியருகே வேடுவரால் கொள்ளையிடப்பட்டார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. மீண்டும் சேரமானைக் காணச் செல்லுங்கால் அவர் தங்கிய திருப்புக்கொளியூரே இன்றைய அவிநாசி. முதலை உண்ட பாலனை மீட்ட வரலாறு அவ்வூர்க்குரியது. ஆக, ஒன்று கடற்கரையிலிருந்து மீளும் பயணத்திற்கும், மற்றொன்று கடற்கரை நோக்கிய பயணத்திற்கும் உரியதாயிற்று. பெரியபாளையத்துக் கோயிலும் சுந்தரர் தேவாரம் சுட்டும் குரக்குத்தளி என்பர். அற்புதங்களை நம்பிக்கைக்குரியன என விடுப்பினும், வழி வரலாற்றிற்குரியதே. பூண்டிப் பதிகத்தில் வேடுவர் வழிச்செல்வோரின் கூறையைப் பறிப்பதாகவே சுந்தரர் பாடுதல் நோக்கத்தக்கது. பொன்னேயன்றி ஆடையும் களவுக்குரிய பொருளாக அவ்வழியில் சென்றது போலும்.

கொடுமணலில் சுடுமண் தக்களிகளும் கிடைத்துள்ளன. இதனைக் கொண்டு இன்றைய பின்னலாடைத் தொழில் அத்தக்களியின் நேர்வழித் தோன்றல் என்று கூறுதல் ஆராய்ச்சியாகாது. இடையில் பல நூற்றாண்டுகள் உள்ளன. இன்றைய தொழில் 20-ஆம் நூற்றாண்டினது. தொடர்ந்து வருவது தொழிலன்று. நொய்யலாறும், உள்நாட்டில் செய்த பொருளைக் கடல் கடந்த நாட்டிற்கு அனுப்பும் இயல்புமே எனலாம்.

அவ்வாறே இன்று இவ்வரலாற்றின் நலிந்த கண்ணியாகவும் உள்ளது. 1992-இல் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. பாசனத்திற்கென அமைந்த அவ்வணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரை முற்றும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அணைக்கு அண்மையிலேதான் கொடுமணல் உள்ளது. மணி கடைந்த மக்கள் நீர் கொண்ட ஆற்றின் கரையில் நின்று, அந்நீரைக் கையில் அள்ளத் தயங்கும் நிலை வருபவர்க்கு நேர்ந்தது. கல்வட்டங்கள் பலவும் உழுநிலங்களிடையே கிடக்கின்றன.

ஆகலின், இவ்விடங்களைத் தனித்தனியே காட்டுதலினும், கணவாயிலிருந்து ஆற்றின் போக்கைப் பற்றிக் கொடுமணல் வரை ஒரு வழியாகக் காட்டுதலே முறை. திருக்கோயில் அடியாரால் காக்கப்படும். கல்வட்டத்தைக் காக்க அதன் பொருளை உணர்ந்தோர் வேண்டும். தமிழ் பயிலும் மாணவர் பதிற்றுப்பத்தையும் தேவாரத்தையும் கையிற்கொண்டு இவ்வழியே ஒருமுறையேனும் செல்வாராயின், அவ்வுணர்வு தோன்றுதல் ஒருதலை.