குந்தா நீர்மின் திட்டங்கள்: நிதித் தரவுத் திரட்டல்

நிதித் தரவுத் திரட்டல் என்பது ஓர் உட்கட்டமைப்புத் திட்டத்தின் மதிப்பீடு, கடன், வட்டி, உண்மைச் செலவு, வருவாய் ஆகியவற்றைத் தொடக்கம் முதலே பதிந்து ஒப்பிடும் பணியாகும். நீலகிரி மாவட்டத்தில் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியுடன் 1950களில் தொடங்கப்பட்ட குந்தா நீர்மின் திட்டம் இதற்குத் தக்க சான்று. உதவியாக வந்த இயந்திரங்களையும் ரூபாயில் மதிப்பிட்டுச் சேர்த்தாலன்றி அத்தகைய திட்டத்தின் முழு முதலீடு புலப்படாது.

தரவின் வேர் களத்திலுள்ள அளவுப் புத்தகம் ஆகும். தோண்டப்பட்ட சுரங்கத்தின் நீளமும் குறுக்களவும் அதில் பதியப்பட்டுச் சரிபார்க்கப்பட்ட பின்னரே ஒப்பந்ததாரரின் பட்டியலுக்குப் பணம் வழங்கப்படுகிறது.

அதே பகுதியில் பின்னர் தொடங்கப்பட்ட, தலா 125 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகளைக் கொண்ட குந்தா நீரேற்று மின்திட்டம், உபரி மின்சாரத்தால் நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை மிகும் நேரத்தில் மின்சாரம் தருவதற்கானது. இத்தகைய திட்டங்களில் பணி நீளும்தோறும் கட்டுமானக் கால வட்டி, அதாவது உற்பத்தி தொடங்குமுன் கடனுக்குச் சேரும் வட்டி, மூலதனச் செலவில் ஏறுகிறது. அச்செலவு மின்கட்டணமாக மக்களையே வந்தடைவதால், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வுக்கும் தணிக்கைக்கும் பிழையற்ற தரவு இன்றியமையாதது.