ஓப்பெல் பிளிட்ஸ் அளவு மாதிரி

ஓப்பெல் பிளிட்ஸ் அளவு மாதிரி என்பது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் பெருமளவில் பயன்படுத்திய ஓப்பெல் பிளிட்ஸ் 3 டன் சரக்குந்தை, ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிப் பிளாஸ்டிக் பாகங்களைக் கொண்டு அமைக்கும் உருவம் ஆகும். இதற்கான பாகங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு விற்கப்படுகின்றன. 1:35 அளவில் இத்தாலேரி, தமியா ஆகிய நிறுவனங்களும், 1:48 அளவில் தமியாவும், 1:72 அளவில் ரோடன் நிறுவனமும் இச்சரக்குந்தின் மாதிரிகளை வெளியிட்டுள்ளன.

இவ்வண்டி பல வகைகளில், பல ஆண்டுகள் உற்பத்தி செய்யப்பட்டது. போரின் போக்கில் அதன் உடலமைப்பும் வண்ணமும் மாறிக்கொண்டே வந்தன. எனவே எந்த வகை வண்டி, எந்த ஆண்டு, எந்தப் போர்முனை ஆகிய மூன்றையும் முதலில் தீர்மானித்த பின்னரே சரியான மாதிரி ஒன்றை அமைக்க இயலும்.

மூல வண்டி

பிளிட்ஸ் என்னும் ஜெர்மன் சொல்லுக்கு மின்னல் என்பது பொருள். ஓப்பெல் நிறுவனம் 1930 ஆம் ஆண்டில் தன் சரக்குந்துகளுக்கு இப்பெயரைச் சூட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அந்நிறுவனத்தின் பெரும்பங்கை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியிருந்தது. 1935 இல் பெர்லினுக்கு மேற்கே உள்ள பிராண்டன்பர்க் நகரில் சரக்குந்துகளுக்கெனத் தனி ஆலை திறக்கப்பட்டது. 1937 முதல் இவ்வண்டியில் 3.6 லிட்டர் கொள்ளளவு கொண்ட ஆறு உருளைப் பெட்ரோல் எந்திரம் பொருத்தப்பட்டது.

ஜெர்மனியில் அக்காலத்தில் 114 வகைச் சரக்குந்துகள் புழக்கத்தில் இருந்தன. உதிரிப் பாகங்களை வழங்குவது இதனால் கடினமாயிற்று. படை அதிகாரி அடோல்ஃப் ஃபொன் ஷெல் என்பவர் வகுத்த திட்டத்தின்படி 1939 இல் இவற்றை 19 ஆகக் குறைக்க முடிவு செய்யப்பட்டது. 3 டன் பிரிவில் நிலைத்த வண்டிகளுள் பிளிட்ஸ் முதன்மையானது.

போர்க்காலத்து 3 டன் பிளிட்ஸில் இரு முக்கிய வகைகள் உண்டு. பின் சக்கரங்கள் மட்டும் இயக்கப்படுவது எஸ் வகை. எல்லாச் சக்கரங்களும் இயக்கப்படுவது ஏ வகை. எஸ் வகையில் 80,000க்கும் மேற்பட்ட வண்டிகளும், ஏ வகையில் ஏறத்தாழ 25,000 வண்டிகளும் செய்யப்பட்டன. சேற்றிலும் பனியிலும் செல்வதற்காகப் பின் சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலித் தடம் பொருத்தப்பட்ட மவுல்டியர் என்னும் வகை 1942 முதல் உருவானது. 1944 ஆகஸ்ட் 6 அன்று நிகழ்ந்த குண்டுவீச்சில் பிராண்டன்பர்க் ஆலை பெரும் சேதமுற்றது. அதே ஆண்டில் மான்ஹைம் நகரிலுள்ள டைம்லர்-பென்ஸ் ஆலையிலும் இவ்வண்டி எல் 701 என்னும் பெயரில் செய்யப்பட்டது. இரும்புத் தட்டுப்பாட்டின் காரணமாக, அவ்வண்டியின் ஓட்டுநர் அறை மரத்தாலும் அழுத்தப்பட்ட அட்டையாலும் ஆனது.

அளவுகள்

1:35 என்பது மூலத்தின் 35 அலகு நீளம் மாதிரியில் ஓர் அலகாக அமைவதைக் குறிக்கும். இந்த எண் 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் பாந்தர் பீரங்கி வண்டியின் மாதிரியை வெளியிட்டபோது தோன்றியது. உள்ளே மின்னோடியும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதற்காகவே அந்த உருவளவு தெரிவு செய்யப்பட்டது. பின்னர் அதுவே இராணுவ வண்டி மாதிரிகளின் பொது அளவாக நிலைபெற்றது.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயான தொலைவு எஸ் வகையில் 3,600 மில்லிமீட்டர் ஆகும். இது 1:72 அளவில் 50 மில்லிமீட்டராகவும், 1:48 அளவில் 75 மில்லிமீட்டராகவும், 1:35 அளவில் ஏறத்தாழ 103 மில்லிமீட்டராகவும் அமையும். ஏ வகையில் இத்தொலைவு 3,450 மில்லிமீட்டர். 1:35 அளவில் இவ்விரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு நான்கு மில்லிமீட்டர் மட்டுமே. ஆயினும் முன் அச்சில் பல்லிணைப் பெட்டி உள்ளதா எனக் கீழிருந்து பார்த்து இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

பாகங்களும் கருவிகளும்

பாகங்கள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. உருகிய பிளாஸ்டிக் உலோக அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தப்பட்டு, குளிர்ந்தபின் வெளியே எடுக்கப்படுகிறது. இதனால் பாகங்கள் தனித்தனியே இல்லாமல் ஒரு சட்டத்துடன் இணைந்தே வருகின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் அருகில் எண் பொறிக்கப்பட்டிருக்கும்.

தட்டையான முனை கொண்ட வெட்டுக்குறடு, கூர்கத்தி, சிறு அரம், உப்புத்தாள், இடுக்கி, தூரிகைகள் ஆகியன அடிப்படைக் கருவிகள். பிளாஸ்டிக்குக்கான பசை ஒரு கரைப்பான் ஆகும். அது இரு பாகங்களின் மேற்பரப்பையும் சற்றே உருக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. கரைப்பான் ஆவியானபின் இணைப்பு ஒரே துண்டாகிவிடும். மெல்லிய உலோகப் பாகங்களை இப்பசை ஒட்டாது; அவற்றுக்குச் சயனோஅக்ரிலேட் பசை தேவை. கரைப்பான்களின் ஆவி தீங்கு விளைவிக்கும் என்பதால், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

அமைக்கும் முறை

அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய் பாகங்களில் எஞ்சியிருக்கலாம். அது வண்ணம் பற்றுவதைத் தடுக்கும். ஆகவே பாகங்கள் முதலில் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர்த்தப்படுகின்றன.

அடிச்சட்டமே வேலையின் தொடக்கம். இரு நீண்ட பக்கச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் இணையும்போது ஒரு சட்டம் சற்று முறுக்கிக்கொண்டாலும், முடிவில் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். எனவே அடிச்சட்டத்தைச் சமமான கண்ணாடிப் பரப்பின் மீது வைத்து, பசை முழுதும் காயும்வரை விட்டுவிடுவது வழக்கம். அதன்பின் அடுக்குத் தகட்டு வில்கள், அச்சுகள், எந்திரம், எரிபொருள் தொட்டி ஆகியன பொருத்தப்படுகின்றன. பின் அச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டைச் சக்கரங்கள் வரும்.

ஓட்டுநர் அறையின் உட்புறத்தை மூடுவதற்கு முன்பே வண்ணம் தீட்ட வேண்டும். பின்னர் தூரிகை உள்ளே செல்லாது. கண்ணாடிப் பாகங்களுக்குக் கரைப்பான் பசையைப் பயன்படுத்தினால் அவை மங்கிவிடும். வெண்ணிறப் பசையே ஏற்றது. பின்புறச் சரக்குத் தட்டு மூல வண்டியில் மரப்பலகைகளால் ஆனது. அதன் மீது வளைவுக் கம்பிகளை நட்டுத் தார்ப்பாய் போர்த்தப்பட்டது. தட்டும் ஓட்டுநர் அறையும் தனியே வண்ணம் தீட்டப்பட்டு இறுதியில் அடிச்சட்டத்தில் அமர்த்தப்படுகின்றன.

வண்ணமும் குறியீடுகளும்

மாதிரியின் ஆண்டை முதலில் காட்டுவது வண்ணமே. போரின் தொடக்கத்தில் வண்டிகள் அடர் சாம்பல் நிறத்தில் அடர் பழுப்புப் பட்டைகளுடன் இருந்தன. 1940 கோடையில் பழுப்பு கைவிடப்பட்டு, சாம்பல் நிறம் மட்டும் எஞ்சியது. இதன் இன்றைய ரால் வண்ண எண் 7021. வட ஆப்பிரிக்காவுக்குச் சென்ற வண்டிகளுக்கு 1941 முதல் மணல் சார்ந்த வண்ணங்கள் பூசப்பட்டன. 1943 பிப்ரவரியில் அடர் மஞ்சள் அடிப்படை வண்ணமாக ஆணையிடப்பட்டது. அதன் மேல் ஒலிவப் பச்சையையும் செம்பழுப்பையும் படைப்பிரிவுகள் தத்தம் நிலத்துக்கேற்பத் தீட்டிக்கொண்டன. குளிர்காலத்தில், எளிதில் கழுவிவிடக்கூடிய வெண்பூச்சு பூசப்பட்டது.

எழுத்துகளும் சின்னங்களும் நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படத்தாளாக வருகின்றன. மங்கலான பரப்பில் இத்தாளின் அடியில் காற்று சிக்கி வெள்ளைப் படலம் தோன்றும். எனவே முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி, படத்தாளை ஒட்டிக் காய்ந்தபின் மங்கல் வார்னிஷ் பூசுகின்றனர். எண்பலகையில் டபிள்யூ எச் என்பது தரைப்படையையும், டபிள்யூ எல் என்பது வான்படையையும், டபிள்யூ எம் என்பது கடற்படையையும் குறிக்கும்.

இறுதியாக, நீர்த்த எண்ணெய் வண்ணம் மூலைகளில் ஓடவிடப்படுகிறது. விளிம்புகளில் உரசலும், சக்கரங்களைச் சுற்றிச் சேறும் தூசியும் காட்டப்படுகின்றன. சரக்குந்தில் சேறு கீழ்ப்பகுதியிலும், தேய்மானம் கதவுப் படியிலும் சரக்குத் தட்டின் பலகைகளிலும் மிகுதியாக இருக்கும்.

வழக்கமான பிழைகள்

ஸ்டாலின்கிராட் போர்முனை வண்டிக்கு 1943 ஆணையின் அடர் மஞ்சள் தீட்டுவது பொதுவான பிழை. அங்கிருந்த ஜெர்மானியப் படை 1943 பிப்ரவரி 2 அன்று முற்றிலும் சரணடைந்தது. அடர் மஞ்சளுக்கான ஆணை அதற்குப் பின்னரே வந்தது. மர ஓட்டுநர் அறை கொண்ட எல் 701 வண்டியை 1941 ஆம் ஆண்டுக் காட்சியில் வைப்பதும், ஏ வகை எனக் குறித்துவிட்டு எஸ் வகை முன் அச்சைப் பொருத்துவதும் பிற பிழைகள். பெட்டியின் மேலுள்ள ஓவியத்தை விட, நாளும் இடமும் தெரிந்த நிழற்படமே நம்பகமான வழிகாட்டி.

வரலாற்றுப் பின்னணி

ஜெர்மானியப் படை முழுவதும் எந்திரமயமானது என்ற எண்ணத்தை இத்தகைய மாதிரிகள் தோற்றுவிக்கக்கூடும். உண்மையில் 1941 இல் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தபோது அப்படை 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொண்டு சென்றது. பெரும்பாலான காலாட்படைப் பிரிவுகளின் பீரங்கிகளையும் உணவையும் குதிரைகளே இழுத்தன. ஆகவே சரக்குந்துக்கு அருகில் குதிரை வண்டி ஒன்றையும் வைக்கும் காட்சியமைப்பு வரலாற்றுக்கு நெருக்கமானது.

போர்க்காலத்தில் ஓப்பெல் ஆலைகளில், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் போர்க் கைதிகளும் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். பாகப் பெட்டிகளின் வழிகாட்டித் தாள்களில் இச்செய்தி அரிதாகவே இடம்பெறும். ஜெர்மனியில் நாசி சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடை செய்கிறது. கலை, ஆய்வு, வரலாற்றுக் கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இதனால் அங்கு விற்கப்படும் மாதிரிகள் பலவற்றின் படத்தாள்களில் சுவஸ்திகா இடம்பெறுவதில்லை.

போருக்குப் பின், 1946 இல் ரூசல்ஸ்ஹைம் ஆலையில் 1.5 டன் பிளிட்ஸ் உற்பத்தி தொடங்கியது. பிளிட்ஸ் என்னும் பெயரில் சரக்குந்துகள் 1975 வரை வெளிவந்தன.