வட்டைக்கு ஒரு திகதி

எங்கள் தேற்றாத்தீவு மட்டக்களப்பு வாவியின் கிழக்குப்புறமான எழுவான்கரையில். வாவி கடந்து படுவான்கரையில் வயல் செய்தவனுக்கு நாளைத் திட்டமிடுவது தனியாள் வேலையல்ல. அடுத்தவன் விதைக்குமுன் நீ விதைத்தால் குருவிக்கும் பன்றிக்கும் உன் வயல்தான் விருந்து.

விதைப்பு, வாய்க்கால் தண்ணீர், மாடு அகற்றல் எல்லாவற்றுக்கும் கூடித் திகதி வைப்பது பழைய வழமை. 1856இல் ஆங்கிலேயர் நீர்ப்பாசனச் சட்டம் போட்டு இத்தகைய வழமைகளுக்குச் சட்டபலம் கொடுத்தார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பேன். திகதியைக் காப்பவர் வட்டை விதானை, அதாவது வயல்வெளிக்குப் பொறுப்பானவர்.

அப்படிக் கூடித் திகதி வைப்பதற்கு இன்று பெயர் ஆரம்பக் கூட்டம். என் மகளின் கைபேசித் திட்டமிடல் செயலியில் எல்லாம் உண்டு, மாடு அகற்றும் நாள் மட்டும் இல்லை. கூட்டத்தில் சத்தம் கூடுவதோ அதற்குத்தான். மாடுகள் போகவேண்டிய மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காக 2023இல் பண்ணையாளர்கள் தெருவில் இறங்கினார்கள்.