காளவாயும் இரும்பு உலையும்

நம் ஆனேக்கல்லிலிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் போனால் கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே மயிலாடும்பாறையில் 2021-இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, தூத்துக்குடி மாவட்டச் சிவகளையை கி.மு. 3345 வரை கொண்டு போனது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் இரும்பைக் கையில் வைத்திருந்தது வேறு, கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்தது வேறு. பின்னதற்குச் சாட்சி சொல்ல வேதியியல் வரவேண்டும்.

நம் முன்னோர் இரண்டு வகை நெருப்பை நன்றாக அறிந்திருந்தார்கள். ஒன்று சுண்ணாம்புக் காளவாய். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு நிற்கும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். ஒரு பொருள் இரண்டாகப் பிரிந்தது, அவ்வளவுதான். எங்கள் வியாபார பாஷையில் சொன்னால் பாகப்பிரிவினை. புத்தகம் இதைச் சிதைவு வினை என்கிறது.

இன்னொன்று இரும்பு உலை. சேலம் கஞ்சமலைப் பக்கம் கிடைக்கும் காந்தக்கல்லை எடுத்துக்கொள்வோம். சுத்தமான காந்தக்கல் 232 கிலோவில் 168 கிலோ இரும்பு, 64 கிலோ ஆக்ஸிஜன். வெறும் சூட்டுக்கு இந்த ஆக்ஸிஜன் லேசில் விட்டுப் போகாது. மரக்கரி போட்டுத் துருத்தி ஊதினால், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அதை வாங்கிக்கொள்ளும். கொடுத்தது இரும்பு, ஒடுங்கியது. வாங்கியது கரி, ஆக்ஸிஜனேற்றம் அடைந்தது. இது கொடுக்கல் வாங்கல். ஒருவர் கொடுக்காமல் இன்னொருவர் வாங்க முடியாது. ஆகையால் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

எப்படி அடையாளம் காண்பது? ஒவ்வொரு தனிமத்தின் ஆக்ஸிஜனேற்ற எண்ணையும் முன்னும் பின்னும் எழுதிப் பாருங்கள். காளவாயில் கால்சியம் +2, கார்பன் +4, ஆக்ஸிஜன் -2. சுட்ட பிறகும் அதே கணக்கு. உலையிலோ இரும்பின் எண் பூஜ்யத்துக்கு இறங்குகிறது, கார்பனின் எண் ஏறுகிறது. சில சமயம் இரண்டும் ஒன்றாகவே வரும். 1774-இல் பிரீஸ்ட்லி செந்நிறப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கியபோது பாதரசமும் ஆக்ஸிஜனும் பிரிந்தன. அது சிதைவும்தான், ஆக்ஸிஜனேற்ற ஒடுக்கமும்தான். ஆகவே "பிரிந்தது, எனவே ஒடுக்கம் இல்லை" என்று அவசரப்படக் கூடாது.

இனி சரித்திரத்துக்கு வருவோம். உலையில் ஒடுங்காமல் மிஞ்சிய இரும்பு ஆக்சைடு, கல்லிலுள்ள மணற்சத்தோடு உருகிக் கிட்டமாக உறையும். கருத்து, கனத்து, குமிழ்த் துளைகளோடு இருக்கும். ஒரு கத்தி வேற்றூரிலிருந்து விலைக்கு வந்திருக்கலாம். கிட்டத்தை யாரும் விலை கொடுத்து வாங்கி வரமாட்டார்கள். உலையும் கிட்டமும் சேர்ந்து கிடைத்தால் அங்கேயே இரும்பு எடுத்தார்கள் என்று துணிந்து சொல்லலாம். நொய்யல் கரைக் கொடுமணலில் அப்படிக் கிடைத்தது.

அந்த இரும்பு சந்தைக்கும் போயிற்று. மதுரை அழகர்மலைக் குகையில் சமண முனிவர்களுக்குத் தானம் செய்தவர்களில் ஒரு கொழு வணிகரும் உண்டு என்று அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்து சொல்கிறது. கொழு என்பது ஏர்முனை இரும்பு. உப்பு வணிகரும் அறுவை வணிகரும் அவரோடு இருக்கிறார்கள். சமண வணிகக் குடியில் வந்த எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உழும்போது கருங்கட்டிகள் கூட்டமாகத் தட்டுப்பட்டால், வெறும் கல்லென்று பொறுக்கி எறிந்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவைத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடம் மாறிய கிட்டம் பாதி சாட்சிதான் சொல்லும். நம்ம பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம் சொல்லித் தரும்போதும் இந்தக் காளவாயையும் உலையையும் காட்டுங்கள், பாடம் மறக்காது.